கண்டதும் கேட்டதும்: மனத்தைப் பற்றிய ஆய்வுகளைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டிசம்பர் மாதம் பிறந்தால் தங்கச்சிமடத்திலும் ராமேசுவரத்திலும் தனுஷ்கோடிப் புயலைப் பற்றிய பேச்சு தானாக எழும். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு கடல் ஊருக்குள் புகுந்ததையும், பாம்பனிலிருந்து சென்ற ரயில் பயணிகளோடு அடித்துச் செல்லப்பட்டதையும் எழுபதைக் கடந்த பெரியவர்கள் நேற்று நடந்ததைப் போலச் சொல்வார்கள். அவற்றைப் பதிவு செய்யச் சென்ற என் மாணவர் ஒருவர் பாதியிலேயே திரும்பி வந்து, "ஐயா, இதையெல்லாம் நம்ப முடியாதாம். அதிர்ச்சியான நிகழ்ச்சிகளின் நினைவு நாளடைவில் மாறிவிடும் என்று அமெரிக்காவில் நிரூபித்துவிட்டார்களாம்" என்றார். அவர் குறிப்பிட்ட ஆய்வு உண்மையானது, மதிக்கத்தக்கதும்கூட. தவறு ஆய்வில் இல்லை, அதை அவர் படித்த விதத்தில் இருந்தது.

1986 ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலை அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் உளவியலாளர்கள் உல்ரிக் நைசரும் நிக்கோல் ஹார்ஷும் மாணவர்களிடம், அந்தச் செய்தியை எங்கே, யார் மூலம் அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டனர். 1988-இல் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளை மீண்டும் கேட்டபோது, ஏறத்தாழ நான்கில் ஒருவருடைய பதில் முக்கிய விவரங்கள் அனைத்திலும் முதலில் எழுதியதற்கு மாறாக இருந்தது. அப்படித் தவறியவர்களிலும் பலர் தம் நினைவை உறுதியாக நம்பினர். என் மாணவர் இங்கேயே நின்றுவிட்டார். அந்த மாணவர்களிடம் கேட்கப்பட்டது விண்ணோடத்தைப் பற்றியதன்று, செய்தி காதில் விழுந்த தருணத்தைப் பற்றியது என்பதை அவர் கவனிக்கவில்லை. அவர்கள் தொலைவில் இருந்து செய்தி கேட்டவர்கள்; தனுஷ்கோடிப் பெரியவர்களோ கழுத்தளவு தண்ணீரில் நின்றவர்கள்.

இந்த வேறுபாட்டை நைசரே பின்னர் சோதித்திருக்கிறார் என்பதுதான் சுவையான செய்தி. 1989 அக்டோபரில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த லோமா பிரியட்டா நிலநடுக்கத்தை நேரில் அனுபவித்தவர்களையும், தொலைவில் அட்லாண்டாவில் இருந்து செய்தியாகக் கேட்டவர்களையும் அவரும் அவருடைய குழுவினரும் ஒப்பிட்டனர். சுமார் ஒன்றரை ஆண்டு கழித்தும் கலிபோர்னியாவில் இருந்தவர்களின் நினைவு பெரும்பாலும் பிசகாமல் இருந்தது. அட்லாண்டாவில் இருந்தவர்களுடையது வெகுவாகத் தேய்ந்திருந்தது. ஆனால் இதைப் படித்த கையோடு, பெரியவர்கள் சொல்வதெல்லாம் அப்படியே மெய் என்று மறுபக்கம் சாய்ந்துவிடுவதும் அதே தவறுதான். ஒன்றரை ஆண்டுக்கும் அறுபது ஆண்டுக்கும் நடுவே எத்தனையோ முறை சொல்லக் கேட்டவையும் செய்தித்தாளில் படித்தவையும் சொந்த நினைவோடு கலந்திருக்கும். அந்தக் கலப்பு எவ்வளவு என்று சொல்ல அந்த ஆய்வு முயலவே இல்லை.

இன்னொரு தவறு, நம் ஊருக்குப் பெருமை சேர்க்கும் முடிவை விசாரிக்காமல் வாங்கிக்கொள்வது. தாய்லாந்துக் கடலோரத்தில் வாழும் மோக்கன் இனச் சிறுவர்கள், ஐரோப்பியச் சிறுவர்களைவிட இரு மடங்குக்கும் மேல் தெளிவாக நீருக்கடியில் பார்க்கிறார்கள் என்று அன்னா கிஸ்லேன் குழுவினர் 2003-இல் வெளியிட்டனர். நீருக்கடியின் மங்கலான வெளிச்சத்தில் நம் கண்மணி விரியும். அவர்களோ அதை மிகவும் சுருக்கி, கண்ணின் குவியத்தையும் எல்லை வரை கூட்டுகிறார்கள். இதை வகுப்பில் சொன்னவுடன், பாம்பன் சின்னப்பாலத்தில் கடல்பாசி எடுக்க மூழ்கும் பெண்களுக்கும் இந்தப் பிறவித்திறன் இருக்கும் என்று பலர் ஒரே குரலில் கூறினர். இந்த ஒரு வாக்கியத்திற்குள் இரண்டு பிழைகள் ஒளிந்திருக்கின்றன. மோக்கன் ஆய்வு திறனைக் கண்டதேயொழிய, அது பிறவியில் வந்தது என்று காட்டவில்லை. 2006-இல் அதே ஆய்வாளர் ஐரோப்பியச் சிறுவர்களுக்குப் பயிற்சி அளித்தபோது, அவர்களும் அந்தத் தெளிவை எட்டினர். மேலும், நம் பாசிக்காரப் பெண்கள் கண்ணாடி அணிந்தே மூழ்குகிறார்கள். கண்ணாடிக்கும் கண்ணுக்கும் நடுவே காற்று இருப்பதால் கண் கரையில் இருப்பதைப் போலவே வேலை செய்கிறது. கண்ணாடியின்றி மூழ்கும் மோக்கன் சிறுவர்களின் கண்ணுக்கு நேர்ந்த கட்டாயம் இவர்களின் கண்ணுக்கு நேரவில்லை. மணிக்கணக்கில் பாறைகளுக்கிடையே பாசியை இனம் கண்டு பறிக்கும் அவர்களின் திறமை பெரிது; ஆனால் அது வேறு திறமை, வேறு கேள்வி.

தமிழர்களையே வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு என்றால் நாம் இன்னும் எளிதாக மயங்குகிறோம். எரிக் பெடர்சன் 1990-களில் தமிழ்நாட்டில் செய்த ஆய்வில், கிராமத்தார் பொருள்களின் இடத்தை வடக்கு, தெற்கு என்று சொல்லும் வழக்கமும், நகரத்தார் இடம், வலம் என்று சொல்லும் வழக்கமும் கொண்டிருந்தனர். மேசைமேல் வரிசையாக வைத்த பொருள்களை நினைவில் வைத்து, எதிர்ப்புறம் திரும்பி, அதேபோல அடுக்கச் சொல்லும் சோதனையிலும் அந்தந்த வழக்கத்திற்கு ஏற்ற சாய்வு தென்பட்டது: முன்னவர் திசை மாறாமலும், பின்னவர் தம் இடம், வலம் மாறாமலும் அடுக்க முனைந்தனர். வாடை, கச்சான், கொண்டல் என்று காற்றின் பெயரிலேயே திசையைப் பேசும் நம் கரையில் இதைக் கேட்டால், மொழிதான் சிந்தனையை வடிக்கிறது என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரு சாராரும் பேசியது தமிழ்தானே? பேச்சு வழக்கோடு சேர்ந்து தொழில், பள்ளிப்படிப்பு, வெட்டவெளியில் கழியும் நேரம் எல்லாமே மாறுகின்றன. எது எதற்குக் காரணம் என்று இந்த ஒப்பீடு மட்டும் சொல்லாது. 2002-இல் பெக்கி லியும் லைலா கிளைட்மனும், இதே வகைச் சோதனையில் ஆங்கிலம் மட்டுமே பேசும் அமெரிக்க மாணவர்களின் விடையைச் சுற்றுப்புற அடையாளங்களை மாற்றியே மாற்ற முடிந்தது என்று வாதிட்டனர். ஸ்டீபன் லெவின்சன் குழுவினர் அதே ஆண்டில் மறுத்து எழுதினர். வழக்கு இப்படி நடந்துகொண்டிருக்கையில், முதல் கட்டுரையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளலாகாது.

மூளைப் படத்தைக் கண்டு மலைப்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு செத்த மீனே சொல்லிவிட்டது. 2009-இல் கிரெய்க் பென்னட் குழுவினர் இறந்த சால்மன் மீனை, மூளையில் எந்த இடம் செயல்படுகிறது என்று படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அவர்கள் என்ன உணர்கிறார்கள் என்று முறைப்படி கேட்டனர். படத்தின் ஆயிரக்கணக்கான புள்ளிகளைத் தனித்தனியே சோதித்துவிட்டு, தற்செயலாகத் தேறுபவற்றைக் களையும் திருத்தத்தைச் செய்யாதபோது, மீனின் மூளையில் சில இடங்கள் 'செயல்பட்டன'. திருத்தம் செய்ததும் அவை மறைந்தன. பாம்பன் ஏலத்தில் செத்த மீனுக்கு விலை உண்டு, அனுதாபம் இருந்ததாக இதுவரை எவரும் கூறியதில்லை. எத்தனை இடங்களில் தேடி இந்த ஒன்றைக் கண்டார்கள் என்று கேட்காமல் வண்ணப் படத்தை நம்புவதே இங்கே தவறு. மூளைப் படம் எல்லாமே பொய் என்று அந்த ஆய்வாளர்கள் சொல்லவில்லை.

அப்படிச் சொல்லிவிடும் அவசரமும் ஒரு நோய்தான். உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த 2015-ஆம் ஆண்டு முயற்சியில், 36 விழுக்காடே மீண்டும் புள்ளியியல் முறையில் தேறின என்பதைப் பிடித்துக்கொண்டு, மீதி எல்லாம் மோசடி என்று பேசுவோர் உண்டு. திரும்பச் செய்ததிலும் பிழை நேரலாம், சூழல் மாறியிருக்கலாம், முதல் முடிவு தற்செயலாகவும் இருந்திருக்கலாம். எதுவென்று ஒவ்வொன்றாகப் பார்க்கத்தான் வேண்டும்.

என் மாணவர் மறுபடி தங்கச்சிமடம் போனார். இம்முறை குறிப்பேட்டின் பக்கத்தை நடுவில் கோடிட்டு, தாமே கண்டது ஒரு பக்கம், பிறர் சொல்லக் கேட்டது மறுபக்கம் என்று பிரித்துக்கொண்டார். கேள்வியை அவர் தொடங்குவதற்கு முன்பே ஒரு பாட்டி சொன்னாராம்: "ரயிலு போனத நான் கண்ணால பாக்கல தம்பி, எங்கண்ணன் சொல்லித்தான் தெரியும். தண்ணி வீட்டுக்குள்ள வந்துச்சே, அது நான் பாத்தது."