பழைய சாம்சங் போனுக்கு கேபிள் வழியாக ஃபர்ம்வேர் போடுவது எப்படி? முதல்முறை செய்கிறவர்களுக்கு

நம் வீடுகளில் பழைய சாம்சங் போன் ஒன்று கட்டாயம் இருக்கும். அம்மாவோ தாத்தாவோ வைத்திருப்பார்கள். புதுசு வாங்கித் தரேன் என்றால் "இதுவே நல்லாத்தானே இருக்கு" என்பார்கள், அதுவும் நியாயம்தான். ஆனால் பேங்க் ஆப் திறந்தால் இந்த ஆண்ட்ராய்டில் ஓடாது என்கிறது, வாட்ஸ்அப் 2025 ஜனவரியோடு கிட்கேட் (ஆண்ட்ராய்டு 4.4) போன்களைக் கைவிட்டுவிட்டது, செட்டிங்ஸில் போய் அப்டேட் அழுத்தினால் பாதி டவுன்லோடில் மெமரி போதவில்லை என்று நின்றுவிடுகிறது. 16 ஜிபி போனில் முழுக்க கல்யாண போட்டோவும் குட்மார்னிங் படமும் இருந்தால் அப்டேட்டுக்கு இடம் எங்கிருந்து வரும்?

கேபிள் வழி இங்கேதான் உதவுகிறது. ஃபர்ம்வேர், அதாவது போனை ஓட்டுகிற சிஸ்டம் மென்பொருள், ஃபைலாகக் கம்ப்யூட்டரில் இருக்கும், அங்கிருந்து நேராக போனின் சிஸ்டம் பகுதிக்குப் போகும், அதனால் போனில் காலி இடம் தேட வேண்டியதில்லை. உதாரணத்துக்கு கேலக்ஸி ஜே7 பிரைமை எடுத்துக்கொள்கிறேன். 2016-ல் ஆண்ட்ராய்டு 6.0.1-ஓடு இந்தியாவுக்கு வந்த போன், சென்னையில் இன்னும் எத்தனையோ பேர் கையில் இருக்கிறது. சாம்சங் இதற்குக் கடைசியாகக் கொடுத்த பெரிய அப்டேட் 8.1 ஓரியோ. அதற்கு மேல் இந்த முறையில் போக முடியாது, அதை முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பெனி கொடுத்த ஃபர்ம்வேரை மட்டும்தான் இங்கே போடப்போகிறோம். ரூட் செய்வது (போனின் முழுக் கட்டுப்பாட்டையும் எடுப்பது), வேறு ரோம் போடுவது (மற்றவர்கள் உருவாக்கிய சிஸ்டத்தை ஏற்றுவது) எல்லாம் தனிக் கதை.

ஸ்டார்ட் பட்டனை அழுத்திய பிறகு நடப்பது சில நிமிஷ வேலை. வேலை கெடுவதும் நன்றாக முடிவதும் அதற்கு முன்னால் நீங்கள் செய்கிற தயாரிப்பில்தான் இருக்கிறது. அதனால் அந்தப் பகுதியைத்தான் நீளமாக எழுதப்போகிறேன், தாண்டிப் போகாதீர்கள்.

மாடல் எண்

போனை எடுத்து *#1234# டயல் செய்யுங்கள். கால் பட்டனை அழுத்தவே வேண்டாம், கடைசி எழுத்து போட்டதும் தானாக ஒரு திரை வரும். அதில் ஏபி (சிஸ்டம்), சிபி (நெட்வொர்க் மோடம்), சிஎஸ்சி (நாட்டுக்கான அமைப்பு) என்று வரிசையாக நீளமான குறியீடுகள் இருக்கும். ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இன்னொரு போனில். மாடல் எண் செட்டிங்ஸில் 'அபௌட் போன்' பகுதியிலும் இருக்கும். ஜே7 பிரைம் என்றால் எஸ்எம்-ஜி610எஃப். கடைசியில் இருக்கும் 'எஃப்' வரை அப்படியே பொருந்த வேண்டும். ஜே7 பிரைம் என்ற அதே பெயரில் வேறு நாடுகளில் விற்ற போன்களுக்கு கடைசி எழுத்து வேறு. "ஒரே போன்தானே, ஒரு எழுத்துதானே" என்று நினைத்து மாற்றிப் போட்டால் நெட்வொர்க் போய்விடலாம், போனே எழுந்திருக்காமலும் போகலாம்.

அந்த நீளமான ஏபி குறியீட்டைக் கொஞ்சம் படிக்கத் தெரிந்துகொண்டால் நல்லது. கடைசியிலிருந்து எண்ணி வாருங்கள். மூன்றாவது எழுத்து வருஷம்: க்யூ என்றால் 2017, ஆர் என்றால் 2018, எஸ் என்றால் 2019. இரண்டாவது எழுத்து மாதம், ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். கடைசியிலிருந்து ஐந்தாவதாக இருப்பதுதான் முக்கியம், அது பூட்லோடரின் (போனை ஆன் செய்ததும் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) எண். உங்கள் போனில் அந்த இடத்தில் 2 இருந்தால், 1 இருக்கிற ஃபர்ம்வேரை போன் ஏற்றுக்கொள்ளாது. சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். பழைய ஆண்ட்ராய்டே வேகமாக இருந்தது, திரும்பப் போகலாம் என்று முயற்சி செய்கிறவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இந்த எண்ணில்தான்.

அப்புறம் ஏரியா கோடு. இந்தியாவுக்கு ஐஎன்எஸ். ஃபர்ம்வேர் தேடும்போது மாடல் எண்ணோடு இதையும் பாருங்கள். வெளிநாட்டுக்கான ஃபைலைப் போட்டால் மெனுவில் தமிழ் இல்லாமல் போகலாம், 4ஜி காலிலும் தகராறு வரலாம்.

பேக்கப்பும் கூகுள் பாஸ்வேர்டும்

நாம் செய்யப்போகிற முறையில் போட்டோ, மெசேஜ் எதுவும் அழியாது. ஆனாலும் எடுத்து வையுங்கள். போட்டோக்களை கம்ப்யூட்டருக்கு, வாட்ஸ்அப்பை கூகுள் டிரைவுக்கு, காண்டாக்ட்ஸை கூகுள் கணக்குக்கு. பெரியவர்களின் போனில் நம்பர்கள் பாதி சிம்மிலும் பாதி போன் மெமரியிலும் கிடக்கும், அதைத் தனியாகப் பாருங்கள்.

போனில் இருக்கிற ஜிமெயிலின் பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா? வாங்கிய கடையில் யாரோ ஒரு ஐடி உருவாக்கிக் கொடுத்திருப்பார்கள், அது என்னவென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து ஒரு பூட்டு இருக்கிறது: ரெகவரி (ஆண்ட்ராய்டு ஓடாமலே போனைச் சரிசெய்ய உதவும் மெனு) வழியாக போனை ரீசெட் செய்தால், முன்பு இருந்த அதே கணக்கைப் போட்டால்தான் உள்ளே விடும். ஏதாவது சிக்கலாகி ரீசெட் செய்யும் நிலைமை வந்தால் அப்போது பாஸ்வேர்டு தேடிக்கொண்டு நிற்க முடியாது. தெரியவில்லையென்றால் இப்போதே மாற்றி, ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டு அப்புறம் மேலே போங்கள்.

கேபிள்

இதில்தான் நிறைய பேரின் ஒரு மதியம் வீணாகிறது. சார்ஜ் ஏறுகிற கேபிள் எல்லாமே டேட்டா கேபிள் கிடையாது. டேட்டா கேபிளுக்குள் நான்கு ஒயர்கள் உண்டு: சிவப்பும் கறுப்பும் கரன்ட்டுக்கு, பச்சையும் வெள்ளையும் டேட்டாவுக்கு. பவர் பேங்க்கோடும் புளூடூத் ஸ்பீக்கரோடும் வருகிற குட்டிக் கேபிள்களில் பல சமயம் சிவப்பு, கறுப்பு இரண்டுதான் இருக்கும். வெட்டிப் பார்க்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டரில் செருகுகிற அகலமான முனையை வெளிச்சத்தில் திருப்பி உள்ளே பாருங்கள். தங்க நிறத்தில் நான்கு பட்டைகள் தெரிய வேண்டும், ஓரத்தில் இரண்டு மட்டும் இருந்து நடுவில் வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் அந்தக் கேபிளைத் திரும்பச் சார்ஜருக்கே கொடுத்துவிடுங்கள். நான்கு பட்டை இருந்தும் உள்ளே ஒயர் இல்லாத கேபிளும் உண்டு, அதனால் கடைசிச் சோதனை இதுதான்: போனை ஆன் செய்து கம்ப்யூட்டரில் செருகி, ஒரு பெரிய வீடியோவை காப்பி செய்யுங்கள். நடுவில் கேபிளை லேசாக அசைத்துப் பாருங்கள். காப்பி நிற்காமல் முடிந்தால் நல்ல கேபிள்.

வாங்குவதாக இருந்தால் சென்னையில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு போதும், அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கிற தூரம். மைக்ரோ யுஎஸ்பி டேட்டா கேபிள், ஒரு மீட்டருக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிக் கேளுங்கள், கடையிலேயே கம்ப்யூட்டரில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். போனின் சார்ஜிங் ஓட்டையையும் பாருங்கள். வருஷக்கணக்கில் பாக்கெட்டில் இருந்த போனில் பஞ்சு அடைத்துக்கொண்டிருக்கும். போனை ஆஃப் செய்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்துவிட்டால் பின் ஆடாமல் உட்காரும்.

கம்ப்யூட்டர்

விண்டோஸ் வேண்டும், முடிந்தால் லேப்டாப். காரணம் கரன்ட். பராமரிப்புக்காக காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை மின்தடை என்று பேப்பரில் உங்கள் ஏரியா பெயர் வந்திருக்கிற நாளில் டெஸ்க்டாப்பில் இதைத் தொடாதீர்கள். மழைக்காலத்திலும் அப்படித்தான், யுபிஎஸ் இருந்தால் பரவாயில்லை. லேப்டாப்பில் ஸ்லீப்பை ஆஃப் செய்துவிடுங்கள், விண்டோஸ் அப்டேட் எதுவும் காத்திருந்தால் முதலில் அதை முடித்துவிடுங்கள். போனின் பேட்டரி 70 சதவீதமாவது இருக்கட்டும். பழைய பேட்டரி 40 காட்டிக்கொண்டே திடீரென்று அணைந்துவிடும்.

முதலில் சாம்சங்கின் ஸ்மார்ட் ஸ்விட்ச்சைக் கம்ப்யூட்டரில் போட்டு, போனை இணைத்துப் பாருங்கள். அப்டேட் இருந்தால் அதுவே காட்டும், ஒரு பட்டனில் வேலை முடிந்துவிடும், இந்தக் கட்டுரையின் மீதி உங்களுக்கு வேண்டாம். அது ஒன்றும் காட்டவில்லை என்றால்தான் ஓடின் (Odin). இது சர்வீஸ் சென்டர்களில் பயன்படுத்துகிற கருவி, வெளியே கசிந்து வந்தது, சாம்சங் பொதுமக்களுக்காகக் கொடுத்தது கிடையாது. எனவே எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதில் கவனமாக இருங்கள், எடுத்ததும் வைரஸ் ஸ்கேன் செய்யுங்கள். கூடவே சாம்சங் தளத்திலிருந்து யுஎஸ்பி டிரைவரையும் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ஃபர்ம்வேரை சாம்மொபைல் போன்ற தளங்களில் மாடல் எண் போட்டு, ஐஎன்எஸ் தேர்ந்தெடுத்து எடுக்கலாம். இலவசமாக எடுத்தால் ஆமை வேகம்தான், ஜிபி கணக்கில் பெரிய ஃபைல், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கிவிடுங்கள். ஜிப்பைப் பிரித்தால் ஐந்து ஃபைல்கள் வரும்: பிஎல் (பூட்லோடர்), ஏபி, சிபி, சிஎஸ்சி, ஹோம் சிஎஸ்சி. சிஎஸ்சி போட்டால் போனில் உள்ளதெல்லாம் அழியும். ஹோம் சிஎஸ்சி போட்டால் அழியாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது போடலாம்

ஸ்மார்ட் ஸ்விட்ச்சை முழுசாக மூடுங்கள், அது பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் ஓடினோடு மோதும். போனை ஆஃப் செய்யுங்கள். வால்யூம் டவுன், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். எச்சரிக்கைத் திரை வரும், வால்யூம் அப் அழுத்தினால் டவுன்லோடு மோடுக்குள் (கம்ப்யூட்டரிலிருந்து ஃபர்ம்வேரை வாங்கத் தயாரான நிலை) போகும். பயந்துவிட்டால் வால்யூம் டவுன் அழுத்துங்கள், போன் வழக்கம்போல ஆன் ஆகும், ஒன்றும் ஆகாது.

ஓடினை ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, கேபிளைச் செருகுங்கள். ஹப் வேண்டாம், கம்ப்யூட்டரின் போர்ட்டிலேயே நேராக, டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம். மேலே ஐடி காம் என்ற கட்டம் நீலமாகி, கீழே பதிவுப் பெட்டியில் 'ஆடட்' என்று வந்தால் போன் பிடிபட்டுவிட்டது. வரவில்லையென்றால் டிரைவர், கேபிள், போர்ட் என்ற வரிசையில் பாருங்கள்.

இனி நான்கு பட்டன்களிலும் அதனதன் ஃபைலை வையுங்கள். சிஎஸ்சி பட்டனில் ஹோம் சிஎஸ்சி. ஏபி ஃபைலை வைத்ததும் ஓடின் தொங்கிப்போன மாதிரி இருக்கும், விண்டோஸ் 'பதிலளிக்கவில்லை' என்றுகூடச் சொல்லும். அது ஃபைல் சரியாக இறங்கியிருக்கிறதா என்று எம்டி5 சோதனை செய்துகொண்டிருக்கிறது, ரொம்பப் பெரிய ஃபைல் என்பதால் நேரம் எடுக்கிறது. மூடிவிடாமல் காத்திருங்கள். ஆப்ஷன்ஸில் ஆட்டோ ரீபூட், எஃப் ரீசெட் டைம் இரண்டுக்கு மட்டும் டிக் இருக்க வேண்டும். ரீ-பார்ட்டிஷனில் டிக் இருக்கவே கூடாது. ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு ஸ்டார்ட்.

போன் திரையில் ஒரு கோடு இடமிருந்து வலமாக நகரும். இனிமேல் கேபிளைத் தொடாதீர்கள், போனை மேசையில் விட்டுவிடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். ஓடினில் பச்சை நிறத்தில் 'பாஸ்' வந்து போன் தானாக ரீஸ்டார்ட் ஆன பிறகுதான் கேபிளை எடுக்க வேண்டும். முதல்முறை ஆன் ஆக பத்து நிமிஷம்கூட ஆகலாம், போன் சூடாகும், சாம்சங் லோகோவிலேயே நிற்கிற மாதிரி தெரியும். பொறுமையாக இருங்கள்.

சிக்கல் வந்தால்

'செட்டப் கனெக்‌ஷன்' என்ற வரியோடு நின்றுவிட்டால் கேபிளோ டிரைவரோ சரியில்லை, போனில் இன்னும் எதுவும் எழுதப்படவில்லை. சிவப்பில் 'ஃபெயில்' வந்து, போன் திரையில் 'எஸ்டபிள்யூ ரெவ் செக் ஃபெயில்' என்று இருந்தால் பூட்லோடர் எண் குறைவான ஃபைலை எடுத்திருக்கிறீர்கள், புதியதை எடுத்துப் போடுங்கள். நடுவில் இணைப்பு அறுந்துபோய், ஸ்மார்ட் ஸ்விட்ச்சில் எமர்ஜென்சி ரெகவரி செய்யச் சொல்லி ஒரு திரை வந்து நின்றாலும் போன் செத்துவிட்டதாக முடிவு கட்டாதீர்கள். பெரும்பாலும் திரும்ப டவுன்லோடு மோடுக்குள் போகும், முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டால் எழுந்துவிடும்.

லோகோவிலேயே அரை மணிக்கு மேல் நின்றால் வால்யூம் டவுனையும் பவரையும் அழுத்திப் பிடித்து, திரை அணைந்ததும் உடனே வால்யூம் அப், ஹோம், பவர் மூன்றையும் பிடியுங்கள். ரெகவரி வரும், அதில் 'வைப் கேஷ் பார்ட்டிஷன்' மட்டும் கொடுத்துப் பாருங்கள், டேட்டா போகாது. அதிலும் சரியாகவில்லையென்றால்தான் ஃபேக்டரி ரீசெட், எழுதி வைத்த அந்த ஜிமெயில் பாஸ்வேர்டு அப்போது வேண்டும். மார்ஷ்மெல்லோவிலிருந்து (ஆண்ட்ராய்டு 6) ஓரியோவுக்குத் தாவியவர்கள், போன் ஓடினாலும் தடுமாறினால் ஒரு ரீசெட் செய்துவிடுவதே மேல் என்பது என் கருத்து. பேக்கப்தான் இருக்கிறதே.

எல்லாம் சரியாக வந்துவிட்டால் மறுபடி *#1234# போட்டு, எடுத்து வைத்த போட்டோவோடு ஒப்பிட்டுப் பாருங்கள், குறியீடு மாறியிருக்கும். *#06# போட்டு ஐஎம்இஐ எண் வருகிறதா, இரண்டு சிம்மிலும் கால் போகிறதா, வருகிறதா, ஓடிபி மெசேஜ் வருகிறதா என்று சோதியுங்கள். வைஃபையில் இணைத்து இன்னொருமுறை அப்டேட் தேடுங்கள், சின்ன செக்யூரிட்டி அப்டேட் ஏதாவது மிச்சம் இருந்தால் இறங்கும். போனை ஒப்படைக்கும்போது மெனு எங்கெங்கே இடம் மாறியிருக்கிறது, போன் காலை எப்படி எடுப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டிவிடுங்கள். டவுன்லோடு செய்த அந்த ஜிப்பையும் அழித்துவிடாதீர்கள், அதே மாடல் உங்கள் சித்தி வீட்டிலும் இருக்க வாய்ப்புண்டு.