கியோட்டோவில் மட்டும் உதைத்த ரயில் பாஸ்

ஜப்பானில் கியோட்டோ, ஹிமேஜி, ஹிரோஷிமா, மியாஜிமா. நாலுக்கும் சேர்த்து கன்சாய்-ஹிரோஷிமா ஏரியா பாஸ் என்று முடிவு செய்தேன். தொடர்ந்து 5 நாள் செல்லும். ஆனால் செயலியில் கியோட்டோவிலிருந்து எந்த ஷின்கான்சென் அதிவேக ரயிலைப் போட்டாலும் தனிக் கட்டணம் காட்டியது. ஹிமேஜியிலிருந்து போட்டால் காட்டவில்லை.

அதில் மிக வேகமான நொசோமி வண்டிக்கு பாஸ் செல்லாதோ என்று மெதுவான வண்டிகளாக மாற்றினேன். அதே கதை. தேதியை மாற்றினேன். வெறுத்துப்போய் நாடு முழுவதற்குமான 7 நாள் பாஸைப் பார்த்தால் 50,000 யென்! மூன்று ராத்திரி இப்படியே போனது.

கடைசியில் பாஸின் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கியோட்டோவுக்கும் ஷின்-ஒசாகா நிலையத்துக்கும் நடுவே ஷின்கான்சென் கோட்டுக்கு வண்ணமே இல்லை. பாஸ் ஜேஆர் வெஸ்ட் என்ற ரயில் கம்பெனியுடையது. 1987-இல் தேசிய ரயில்வேயைப் பிரித்தபோது டோக்கியோ முதல் ஷின்-ஒசாகா வரை ஷின்கான்சென் ஓட்டுவது ஜேஆர் சென்ட்ரல் என்ற வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. வண்டி என்னவோ நேராகத்தான் போகிறது. ஷின்-ஒசாகாவில் ஓட்டுநர் மாறுவார், கம்பெனியும் மாறிவிடும்.

அந்தத் துண்டுக்கு மட்டும் ஷின்கைசோகு என்ற விரைவு வண்டியைப் போட்டேன். ஏறக்குறைய 25 நிமிடம், பாஸிலேயே அடக்கம். ஷின்கான்சென் என்றால் கால் மணி நேரம். பத்து நிமிடத்துக்காகவா இந்தப் பாடு! ஷின்-ஒசாகாவில் மாறிக்கொண்டால் அங்கிருந்து நொசோமியிலேயே போகலாம்.

மியாஜிமா தீவுக்குப் போகும் படகுத் துறையில் இரண்டு கம்பெனிப் படகுகள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பாஸ் செல்வது ஜேஆர் படகுக்குத்தான். தீவுக்கான 100 யென் வரி மட்டும் தனி.