கழுவிய முகத்தில் அழுக்கு: கிராமத்து உழைப்பாளிகளைக் கருப்பு வெள்ளையில் எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

புதிதாகக் கேமரா பிடிக்கும் சிலர் வயல்களிலும் சூளைகளிலும் எடுத்த படங்களை அண்மையில் பார்த்தேன். தொடக்க காலத்தில் நான் செய்த பிழைகள் ஒன்றுவிடாமல் அவற்றில் இருந்தன. ஃபோகஸ் தப்புவதும் கை நடுங்குவதும் பழகப் பழகச் சரியாகிவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

மீட்டரை அப்படியே நம்புவது

ஒளியை அளக்கும் கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும், அது ஏறத்தாழ 18 விழுக்காடு ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். கரிய முகம் படச் சட்டத்தை நிறைத்தால் அதை வெளுக்கச் செய்யும். அதே முகம் வெள்ளைத் தலைத்துண்டோடு வானத்தின் முன் நின்றால் இருட்டில் தள்ளும். ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரை முகத்தில் வைத்து அளந்து, சருமம் மிகவும் கரியதாயின் ஒரு ஸ்டாப் வரை, அதாவது ஒளி பாதியாகும் வரை, குறையுங்கள்.

நண்பகல் வெயில்

நிழலுக்கு அழைத்து வாருங்கள்.

சுருக்கங்களை வேட்டையாடுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். முதிய உழைப்பாளியின் முகம் ஒன்று கிடைத்துவிட்டால் போதும், படம் திருத்தும் மென்பொருளில் வரிகளைத் துலக்கும் கிளாரிட்டியை ஏற்றி, ஆரஞ்சு நிறம் கருப்பு வெள்ளையில் எவ்வளவு வெளிச்சமாகத் தெரியும் என்பதை மாற்றும் ஆரஞ்சு ஸ்லைடரை அடிமட்டத்துக்கு இறக்கி, அம்முகத்தை வெடித்த ஏரிப்படுகையாக ஆக்கிவிட்டுத்தான் ஓய்கிறார்கள்.

நானும் அப்படித்தான் செய்தேன். செங்கல் சூளையில் மண் பிசைந்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் படம் எடுக்க அனுமதி கேட்டபோது, "இருங்க தம்பி" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குச் சென்றார். முகத்தையும் முழங்கை வரை கைகளையும் கழுவி, ஈர விரல்களால் தலையைக் கோதிக்கொண்டு வந்து நின்றார். சேறு படிந்த முகத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தைக் கணினித் திரையில் ஈடுகட்டினேன். அச்சுப்படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, கன்னத்தில் தெரிந்த கருந்திட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தவர், "மூஞ்சி கழுவிட்டுத்தானே நின்னேன், இது என்ன அழுக்கு?" என்று கேட்டார்.

அந்த அழுக்கு நான் பூசியது. மனிதச் சருமம், எந்த நிறத்தவருடையதாயினும், பெரும்பாலும் ஆரஞ்சு, சிவப்பு ஸ்லைடர்களின் எல்லைக்குள்தான் வரும். அவற்றை இறக்கினால், வெயிலில் சிவந்த இடங்கள் சுற்றியுள்ள சருமத்தைவிட வேகமாகக் கறுத்துக் கரி அப்பியதுபோலத் தெரியும். சிவப்பை உணராத பழைய ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமிலும் விளைவு இதுவே. மாறாக, அளவுக்கு மீறி ஏற்றினால் முகம் வெளுத்து, தோலின் தன்மையே மறைந்துவிடும். அதை மரியாதை என்று நினைத்துச் செய்பவர்களும் உண்டு.

ஆகவே, இவ்விரண்டு ஸ்லைடர்களையும் சிறிதளவே நகர்த்தி, ஒவ்வொரு முறையும் வண்ணப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுருக்கங்கள் தெரிய வேண்டுமாயின் கதவோரத்தில் பக்கவாட்டாக விழும் ஒளியில் நிற்க வையுங்கள். ஒருவர் தம்மைச் சீராக்கிக்கொண்டு வந்து நின்றால், அதுதான் அவர் தரும் படம். 1914 இல் ஜெர்மன் புகைப்படக்காரர் ஆகஸ்ட் ஸாண்டர் எடுத்த மூன்று இளம் விவசாயிகள் கோட்டும் தொப்பியும் அணிந்து, கைத்தடியோடு நடனத்துக்குப் போகும் வழியில் நிற்கிறார்கள். சேறு வேண்டும் என்று அவர் அவர்களை வயலுக்குத் திருப்பி அனுப்பவில்லை.

ஜேபெக் மட்டும் எடுப்பது

கேமராவின் கருப்பு வெள்ளை முறையில் ஜேபெக் மட்டும் சேமித்தால் நிறத் தகவல் அழிந்துவிடும். பிறகு எந்த ஸ்லைடருக்கும் வேலையில்லை. நிறத் தகவல் முழுவதையும் வைத்திருக்கும் ரா கோப்பையும் சேர்த்துச் சேமியுங்கள். என்னிடம் அது இருந்ததால் பெரியவரின் படத்தைத் திருத்த முடிந்தது.

நின்றபடியே எடுப்பது

அவர் அமர்ந்திருந்தால் நீங்களும் அமருங்கள்.

பெயர் கேட்காமல் திரும்புவது

1936 இல் கலிபோர்னியாவில், குழந்தைகளோடு கூடாரத்தில் இருந்த ஒரு பண்ணைத் தொழிலாளியை அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரத்தியா லாங்கே எடுத்த படம் உலகெங்கும் பரவியது. அப்பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை. ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று 1978 இல்தான் வெளியே தெரிந்தது.

திருத்திய அச்சுப்படத்தோடு நான் மறுபடி சூளைக்குப் போனபோது அந்தப் பருவத்து வேலை முடிந்து, எல்லோரும் கலைந்து போயிருந்தார்கள். யாரைத் தேடுகிறேன் என்று காவலாளி கேட்டார். உறையிலிருந்து படத்தை எடுத்து நீட்டுவதைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அந்தக் காவலாளியோ அந்தப் பருவத்தில் அங்கே வேலை பார்த்தவரும் அல்லர்.