சமூகவியல் ஆய்வுக்குக் கட்டுரை தேடுபவர்கள் கவனத்துக்கு

சமூகவியலில் எம்.ஏ., பிஎச்.டி. செய்பவர்கள் பலர் கூகுளில் தேடுகிறார்கள், காசு கேட்கும் பக்கம் வந்ததும் மூடிவிடுகிறார்கள். அந்தக் காசை உங்கள் பல்கலைக்கழகம் ஏற்கெனவே கட்டியிருக்கலாம். 'சோசியலாஜிகல் புல்லட்டின்', 'கான்ட்ரிப்யூஷன்ஸ் டு இந்தியன் சோசியாலஜி' என்ற ஆய்விதழ்கள் இரண்டும் சேஜ் பதிப்பகத்தின் வெளியீடுகள். சந்தா இருந்தால் வளாக வைஃபையில் திறந்தாலே முழுக் கட்டுரையும் இறங்கும். வீட்டிலிருந்து படிக்க இன்ஃபெட் கணக்கு (வளாகத்துக்கு வெளியிலும் நூலகச் சந்தாவைத் திறக்கும் லாகின்) உண்டா என்று நூலகரிடம் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும், யாரும் தேடி வந்து தரமாட்டார்கள்.

ஈபிடபிள்யூ ('எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி') வார இதழின் பழைய இதழ்கள் ஜேஸ்டோர் என்ற இணைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூலகத்தில் ஜேஸ்டோர் இல்லையா, சரி, இலவசக் கணக்கு தொடங்கினால் மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு ஆன்லைனிலேயே படிக்கலாம்.

தேடும்போது பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். தஞ்சை நிலவுடைமை பற்றித் தேடுபவர் ஆங்கிலத்தில் 'தஞ்சாவூர்' (Thanjavur) என்று மட்டும் அடித்தால் 1950, 60களின் கட்டுரைகள் பல சிக்காது, அவற்றில் 'டாஞ்சோர்' (Tanjore) என்றுதான் இருக்கும். நல்ல கட்டுரை ஒன்று மாட்டியதும் கூகுள் ஸ்காலரில் அதன் கீழே உள்ள 'சைட்டட் பை'யை அழுத்தினால், அதை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவை வரிசையாக வரும். எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விட அதிகம் உதவுகிறது.

அப்புறம் ஷோத்கங்கா இணையதளம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள், லாகின் தேவையில்லை. தரம் ஏறுக்குமாறாகத்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் ஒவ்வொரு இயலும் தனி பிடிஎஃப் என்பதால், உங்கள் தலைப்புக்கு நெருங்கிய ஆய்வேட்டில் நூற்பட்டியல் கோப்பை மட்டும் முதலில் இறக்கிப் பாருங்கள்.