நெல்லை டவுன் தெருக்களில் கறுப்பு வெள்ளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலரில் தேறாத படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கினால் தேறிவிடும் என்ற நினைப்புதான் தெருப் புகைப்படம் பழகுகிறவர்களின் முதல் தவறு. நானும் ஒரு வருடம் அப்படித்தான் ஒப்பேற்றினேன். இந்தியாவைக் கலரில்தான் எடுக்க வேண்டும் என்று வாதாடியவர் புகைப்படக் கலைஞர் ரகுபீர் சிங் (1942–1999). நிறம் வேண்டாம் என்கிறவர் அவருக்குப் பதில் சொல்ல ஒரு காரணம் வைத்திருக்க வேண்டும். எனக்கு அது வெளிச்சம்.

கீழ ரத வீதியில் ஒரு காலை, பச்சைக் கதவுக்கு முன்னால் சிவப்புச் சேலையில் ஓர் ஆச்சி பிச்சிப்பூ கட்டிக்கொண்டிருந்தார். பார்க்க அள்ளிக்கொண்டு போயிற்று. வீட்டுக்கு வந்து நிறத்தை எடுத்தால் சேலையும் கதவும் ஒரே சாம்பல். முகமும் கைகளும் பூவும் மட்டும் தனித்தனியே மிதந்தன. நிறம் எவ்வளவு வேறுபட்டாலும் வெளிச்ச அளவு ஒன்றாக இருந்தால் இப்படித்தான் ஒட்டிக்கொள்ளும். அந்தக் காலத்தில் லென்ஸின் முன் சிவப்பு ஃபில்டர் மாட்டிச் சிவப்பை வெளுக்கவும் பச்சையைக் கறுக்கவும் வைத்தார்கள். இன்று அதைக் கம்ப்யூட்டரில் செய்யலாம், ஆனால் கோப்பில் நிறம் மிச்சமிருக்க வேண்டும். ரா (கேமரா பதிந்ததை நிறத்தோடு அப்படியே வைத்திருக்கும்) கோப்பாக எடுத்து, கேமராத் திரையை மட்டும் கறுப்பு வெள்ளையில் வையுங்கள். எடுக்கும்போதே சேலை கதவில் கரைவது தெரிந்துவிடும். இரண்டடி நகர்ந்து வேறு பின்னணி தேடலாம்.

அடுத்தது வேட்டி. வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டர் எதையும் நடுச் சாம்பலாக்கவே பார்க்கும். இருண்ட கடைத் தாழ்வாரத்தின் முன் வெயிலில் ஒருவர் வெள்ளை வேட்டியில் நடந்தால், அது இருட்டுக்கு இரங்கி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். வேட்டி மடிப்பே இல்லாத வெள்ளைத் தாளாகும். டிஜிட்டலில் அப்படி வெளுத்தது வெளுத்ததுதான். நிழலையாவது பிறகு கொஞ்சம் தூக்கலாம். ஒரு ஸ்டாப் குறைத்து, அதாவது வெளிச்சத்தைப் பாதியாக்கி எடுங்கள். நெகட்டிவ் ஃபிலிமில் கணக்கு நேர்மாறு: நிழலுக்கு அளந்து எடுக்க வேண்டும்.

வெயில் பளீரென்று இருப்பதே நல்லது என்று உச்சிப்பொழுதில் கிளம்புவதும் வீண். சித்திரை பிறக்கும் நாட்களில் நெல்லையில் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். நிழல் காலடியில் சுருண்டுவிடும், கண்கள் இரண்டும் குழியாகும். காலை எட்டரை மணிக்குள் போனால் ரத வீதிச் சுவரில் ஆள் உயரத்துக்கு நிழல் விழும். மதியம்தான் வாய்க்கும் என்றால் ரயில் சந்திப்புப் பக்கத்து ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளத்துக்குப் போங்கள். பக்கவாட்டில் நுழையும் வெளிச்சம் முகத்துக்கு உருவம் தரும்.

நடக்கிற ஆளுக்கு 1/60 வினாடி ஷட்டர் வேகம் போதாது, 1/250 வையுங்கள். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறிப் புள்ளிகள் தெரிந்தால் தெரியட்டும். முழுச் சட்டக் (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 35 மி.மீ. லென்ஸை எஃப் 8 துளை அளவில் மூன்று மீட்டருக்குக் குவித்து வைத்தால், ஏறத்தாழ இரண்டிலிருந்து ஏழு மீட்டர் வரை தெளிவாக இருக்கும். குவிக்க மெனக்கெடுவதற்குள் சைக்கிள் போய்விடுகிறது.

தொலைவிலிருந்து பெரிய லென்ஸில் முதுகுகளாக எடுத்துக் குவிப்பது கூச்சத்தின் வேலை. குறுக்குத்துறைப் படித்துறையில் குளிப்பவர்களை எடுப்பதோ அநாகரிகம். கிட்டே போங்கள், பேசுங்கள், பிரிண்ட் கொண்டுபோய்க் கொடுங்கள். வேறு பின்னணியில் மறுபடி எடுத்த படத்தை அந்த ஆச்சியிடம் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “புதுச் சேலை கட்டியிருந்தேனே, அதன் சிவப்பு எங்கே அய்யா?”