குடியிருப்பில் கடிக்கிற தெருநாய் இருந்தால் என்ன செய்வது? புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்குப் படிப்படியாக

லாஸ்பேட்டையோ ரெட்டியார்பாளையமோ, கடலூர்ப் பக்கம் செம்மண்டலமோ திருப்பாதிரிப்புலியூரோ, எந்த நகரில் குடியிருப்போர் சங்கம் கூடினாலும் தண்ணீருக்கும் சாக்கடைக்கும் அடுத்து வருகிற பேச்சு நாய்தான். ஒருவர் "எல்லாத்தையும் பிடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்பார். இன்னொருவர் "வாயில்லா ஜீவன், பாவம்" என்பார். குரல் உயரும், கூட்டம் கலையும். கடித்த நாய் மறுநாள் காலையிலும் அதே முனையில்தான் படுத்திருக்கும். அந்த ஒரு நாயை என்ன செய்வது, யாரிடம் போவது, எதை முதலில் செய்வது என்று இதுவரை இந்த வேலையில் இறங்காதவர்களுக்காக எழுதுகிறேன்.

கடிபட்டிருந்தால் முதலில் இது

இன்றைக்கு யாராவது கடிபட்டிருந்தால் மற்றதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். நேரே குழாயடிக்குப் போங்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவ வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கழுவுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது நிமிடத்திலேயே போதும் என்று தோன்றிவிடும். வெறிநோய்க் கிருமிக்குக் கொழுப்பாலான ஒரு மேலுறை உண்டு, சோப்பு அதைச் சிதைத்துவிடும். காயத்தில் இருக்கும்போதே அழிக்கிற கிருமி நரம்பில் ஏறாது. கழுவிய பிறகு பெட்டாடின் போடலாம். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் வைக்காதீர்கள். இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

அன்றைக்கே ஊசி போட்டாக வேண்டும். அரசு மருத்துவமனையில் இலவசம். தோலில் போடுகிற முறை என்றால் 0, 3, 7, 28 ஆகிய நாள்கள். தசையில் போடுகிற முறை என்றால் 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போடும் நாள்தான் 0. தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று பெரியவர்கள் சொல்வது பழைய காலத்து முறை, இப்போது கையில்தான் போடுகிறார்கள். அந்தப் பயத்தில் யாரும் வீட்டில் உட்கார்ந்துவிடக் கூடாது.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயத்துக்குள்ளும் சுற்றிலும் போட வேண்டும். தடுப்பூசியால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி உருவாக நாள் பிடிக்கும், அதுவரை காப்பது இந்த மருந்துதான். அதனால் முகம், கழுத்து, கை விரல்களில் கடி, அல்லது ஆழமான கடி என்றால் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "இம்யூனோகுளோபுலின் போட வேண்டுமா?" என்று நீங்களே கேளுங்கள். டெட்டனஸ் ஊசியையும் கேளுங்கள்.

கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்வார்கள். நோயுள்ள நாய் அதற்குள் படுத்துவிடும் அல்லது செத்துவிடும். ஆனால் "நாய் நல்லாத்தானே இருக்கு, பார்க்கலாம்" என்று ஊசியைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. வெறிநோய் (ரேபிஸ்) அறிகுறி வந்தபின் பிழைப்பது கிட்டத்தட்ட இல்லை. ஊசியை இடையில் நிறுத்தலாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். வெறிநோய் இருக்குமோ என்று சந்தேகப்படும் விலங்குகளிடம் கடிபடுகிறவர்களில் 40 சதவீதம் பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. திட்டுவார்கள் என்று பயந்து பிள்ளைகள் மறைத்துவிடுவார்கள். "நாய் பிராண்டினாலும் வந்து சொல்லு, அம்மா திட்ட மாட்டேன்" என்று இன்றைக்கே சொல்லி வையுங்கள்.

படி 1: எந்த நாய் என்று கண்டுபிடியுங்கள்

நகரில் இருபது நாய் திரிந்தாலும் கடிப்பது பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான். "நாய்த் தொல்லை" என்று பொதுவாக எழுதிக் கொடுக்கும் மனு ஏன் எங்கும் நகர்வதில்லை என்றால், நாய் பிடிக்க வருகிற நகராட்சி ஊழியருக்கு எதைப் பிடிப்பது என்று தெரியாது. கையில் அகப்படுகிற சாதுவான நாய் வண்டியில் ஏறும். கடித்த நாய் வண்டிச் சத்தம் கேட்டதுமே ஓடி ஒளிந்திருக்கும். அதனால் முதல் வேலை ஒரு நாற்பது பக்க நோட்டு. காலை பால் வாங்கும் நேரத்திலும் இரவு பத்து மணிக்கும் தெருவைச் சுற்றி வந்து, ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு மூன்று வரி எழுதுங்கள். இப்படி:

"செம்பட்டைக் கடுவன். வலது காது மடிந்தது, வால் நுனி வெள்ளை. 3-வது குறுக்குத் தெரு டிரான்ஸ்ஃபார்மர் அடியில் படுக்கும். காதில் வெட்டு இல்லை. பைக்கை மட்டும் துரத்தும், நடந்து போனால் எழுந்திருப்பதில்லை."

"கறுப்புப் பெட்டை. நெஞ்சில் வெள்ளைத் திட்டு. மடி தொங்குகிறது, நாலு குட்டி. மூலைக் காலிமனையில் கருவேலம் புதருக்குள். மனைப்பக்கம் போனால் பாயும், தெருவில் சோறு தேடும்போது ஒன்றும் செய்யாது."

போனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். காதில் வெட்டு என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். கருத்தடை செய்த நாயின் ஒரு காது நுனியில் வி வடிவில் சிறிதாக வெட்டி விடுவார்கள். அது இருந்தால் அறுவை முடிந்த நாய். இல்லையென்றால் பிடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் வரும்.

மேலே எழுதிய இரண்டும் கடிக்கக்கூடிய நாய்கள்தான், ஆனால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கறுப்புப் பெட்டை குட்டிகளைக் காக்கிறது. நம் பக்கம் மழைக்காலத்தை ஒட்டி நாய்கள் இணைசேருவது அதிகம். சினைக்காலம் சுமார் 63 நாள். கணக்குப் போட்டால் மார்கழியில் விடியற்காலை இருட்டில் கோலம் போட வருகிற பெண்களுக்கும் குட்டி போட்ட தாய்க்கும் ஏன் மோதல் வருகிறது என்று புரியும். குட்டிகள் பால்குடி மறந்ததும் அந்தத் தாயின் கோபம் தணியும், அப்போது பிடித்துக் கருத்தடை செய்ய வேண்டும். பால் கொடுக்கும் தாயைப் பிடித்தால் குட்டிகள் செத்துப்போகும். அதுவரை அந்த மூலைக்குப் பிள்ளைகள் பந்தெடுக்கப் போகாமல் பார்த்துக்கொண்டாலே பாதி ஆபத்து நீங்கிவிடும்.

இணைசேரும் காலத்தில் ஒரு பெட்டையின் பின்னால் பல கடுவன்கள் கூட்டமாகத் திரியும். அந்தக் கூட்டத்துக்குள் நுழையாதீர்கள், வேறு தெரு வழியாகப் போங்கள். திடீரென்று சீறத் தொடங்கிய பழைய நாய் என்றால் உடம்பில் புண் இருக்கிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். காதிலோ கழுத்திலோ புழு வைத்த நாய் வலியில் யாரையும் கடிக்கும், அதற்குத் தேவை சிகிச்சை.

வெறிநோய்க்கு அடையாளம் தனி. வாயோரம் எச்சில் வழியும், தாடை தொங்கும், குரல் மாறும், நடை தள்ளாடும். கல், கட்டை, வண்டிச் சக்கரம் என்று கண்டதையெல்லாம் கவ்வும். சில நாய்கள் நேர்மாறாக மூலையில் சுருண்டு கிடக்கும், அதையும் தொடக் கூடாது. இப்படி ஒன்றைப் பார்த்தால் நோட்டு, மனு எதற்கும் காத்திருக்க வேண்டாம். தெருவில் எல்லோருக்கும் தகவல் சொல்லி, பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, உடனே நகராட்சிக்குப் போன் செய்யுங்கள்.

படி 2: சோறு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

சங்கக் கூட்டங்களில் எப்போதும் மாட்டிக்கொள்வது தினமும் சோறு வைக்கிற அந்த ஒரு அக்காதான். என் கருத்தில் அவரைவிடப் பெரிய காரணம் கோழிக்கடைக் கழிவும் மீன் செதிலும் குடலும் கொட்டுகிற இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் குப்பைமேட்டைப் போய்ப் பாருங்கள். ரத்தவாடையோடு கிடக்கும் கழிவுக்காக நாய்கள் அடித்துக்கொள்ளும், அந்த வெறியில்தான் பக்கத்தில் போகிற ஆள் மீது பாயும். கடைக்காரரிடம் சங்கம் சார்பில் நாலு பேர் போய் மரியாதையாகப் பேசுங்கள். மூடிய டிரம்மில் வைத்து நகராட்சி வண்டியில் கொடுக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் மனுவில் அதையும் சேர்க்கலாம்.

அடுத்தது காலிமனையும் பூட்டிய வீடும். புதுச்சேரியில் பிரான்சிலும் வளைகுடாவிலும் இருக்கிற பிள்ளைகள் வாங்கிப்போட்ட மனை தெருவுக்கு ஒன்றாவது இருக்கும். புதர் மண்டினால் நாய்க்கு அதைவிட நல்ல பிரசவ அறை கிடையாது. உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பி, புதரை வெட்டி வேலி போடச் சொல்லுங்கள். ஊரில் வயதான அப்பா அம்மாவை விட்டுப் போனவர்கள் இதைத் தட்ட மாட்டார்கள்.

சோறு வைக்கும் அக்காவை எதிரியாக்காதீர்கள். அந்த நாய்கள் கிட்டே வருவது அவர் ஒருவரிடம்தான். அவர் உதவியில்லாமல் ஒன்றையும் பிடிக்க முடியாது. வாசல்படி, மாடிப்படி, குழந்தைகள் விளையாடும் இடம் தவிர்த்து ஓரமாக ஓர் இடத்தை, தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் என்று அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். 2023-ஆம் ஆண்டு விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளும் இதைத்தான் சொல்கின்றன, அந்த ஏற்பாட்டைக் குடியிருப்போர் சங்கத்தின் பொறுப்பிலேயே விடுகின்றன.

படி 3: எழுத்தில் கொடுங்கள்

போனில் சொன்னால் போன் வைத்ததும் மறந்துவிடும். மனு எழுதி, ஒப்புகை முத்திரை வாங்குங்கள். புதுச்சேரியில் உங்கள் வீடு புதுச்சேரி நகராட்சியிலா உழவர்கரை நகராட்சியிலா என்று வீட்டுவரி ரசீதைப் பார்த்தால் தெரியும். அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர் பக்கம் என்றால் கொம்யூன் பஞ்சாயத்து. கடலூரில் மாநகராட்சி, எல்லைக்கு வெளியே என்றால் ஊராட்சி. நாயைப் பிடித்துக் கருத்தடை செய்து ஊசி போடுவது உள்ளாட்சியின் கடமை என்று அந்த 2023 விதிகள் சொல்கின்றன, அதனால் தயங்காமல் கேளுங்கள். மனு நீளமாக இருக்க வேண்டியதில்லை:

"ஐயா, எங்கள் நகர் 3-வது குறுக்குத் தெருவில் செம்பட்டை நிறக் கடுவன் நாய் ஒன்று (படம் இணைப்பு) இந்த மாதத்தில் இருவரைக் கடித்துள்ளது. மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைத்துள்ளோம். நகரில் கருத்தடை செய்யாத நாய்களின் பட்டியலும் இணைப்பில் உள்ளது. 2023 விதிகளின்படி கடித்த நாயைப் பிடித்துக் கண்காணிக்கவும், மற்ற நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்யவும் வேண்டுகிறோம். வண்டி வரும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால் உடனிருந்து உதவுவோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கூட நின்று உதவ ஆள் இருக்கிற தெருவுக்கு வருவதற்கு ஊழியர்களுக்கும் மனம் வரும்.

"பிடித்தால் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாமே?" என்று கேட்பார்கள். ஆமாம், விடுவார்கள். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றமும் கருத்தடை செய்து ஊசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றுதான் சொன்னது. வெறிநோய் கண்ட நாய்க்கும், அந்தச் சந்தேகம் உள்ள நாய்க்கும், ஆக்ரோஷமான நாய்க்கும் மட்டும் விலக்கு. உங்கள் நோட்டுக்கும் மருத்துவச் சீட்டுக்கும் மதிப்பு வருவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் எது ஆக்ரோஷமான நாய் என்று காட்ட வேறு சாட்சி இல்லை. அதே ஆண்டு நவம்பர் 7-இல் வந்த உத்தரவின்படி பள்ளி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பேருந்து நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கிற நாய்களை அங்கே திரும்ப விடக் கூடாது. தொல்லை பள்ளி வளாகத்துக்குள் என்றால் மனுவில் அதைத் தனியாக எழுதுங்கள்.

மற்ற நாய்கள் திரும்பி வருவது நமக்கும் நல்லதுதான். இருக்கிற நாய்களைக் காலி செய்தால், குப்பை அப்படியே இருக்கும்வரை பக்கத்துத் தெருவிலிருந்து ஊசி போடாத புது நாய்கள் வந்து இடம் பிடிக்கும்.

படி 4: வண்டி வரும் நாள்

முந்தின இரவு யாரும் சோறு வைக்க வேண்டாம். பசித்த நாய் கிட்டே வரும். விடியற்காலையில் வரச் சொல்லுங்கள், நாய்கள் படுத்த இடத்திலேயே இருக்கும். சோறு வைக்கும் அக்காவும் நோட்டு வைத்திருப்பவரும் கூடவே போகட்டும். வேடிக்கைக் கூட்டம் வேண்டாம், சத்தம் கேட்டால் நாய் மதில் தாண்டிவிடும். எந்த நாயை ஏற்றினார்கள், எங்கே கொண்டுபோகிறார்கள் என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

அதுவரை தெருவில் நடப்பது எப்படி

நாய் உறுமிக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். கைகளை உடம்போடு ஒட்டி அசையாமல் நில்லுங்கள், அதன் கண்ணை நேராகப் பார்க்க வேண்டாம். அது தயங்கியதும், முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். பையோ குடையோ இருந்தால் இடையில் பிடியுங்கள், கடித்தால் அதைக் கடிக்கட்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு குப்புறப் படுத்து, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ளுங்கள்.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து பைக்கில் வருகிறவர்களுக்கு: நாய் துரத்தினால் முறுக்காதீர்கள். பயத்தில் முறுக்கி, தடுமாறி விழுந்து அடிபடுவது பல சமயம் கடியைவிட மோசமாக முடியும். வேகத்தைக் குறையுங்கள், முடிந்தால் நிறுத்திவிடுங்கள். பெரும்பாலான நாய்க்கு ஓடுகிற சக்கரம் நின்றதும் ஆர்வம் போய்விடும்.

இதை மட்டும் செய்யாதீர்கள்

விஷம் வைப்பது குற்றம். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை உண்டு. அந்த உருண்டையை அடுத்த வீட்டுக் குழந்தை எடுத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆள் வைத்துப் பிடித்து ஈசிஆர் ஓரம் கொண்டுபோய் விடுவதும் வேண்டாம். இடம் தெரியாமல் மிரண்ட நாய் அங்கே போய் யாரையாவது கடிக்கும்.

வண்டி போன பிறகு

காதில் வெட்டோடு நாய்கள் திரும்பி வந்ததும் நோட்டை மூடிவிடாதீர்கள். வெறிநோய்த் தடுப்பூசி ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போட வேண்டும், போட்ட தேதியை ஒவ்வொரு நாய்க்கும் எதிரே எழுதி வையுங்கள். இரவில் அவிழ்த்துவிடப்படும் வீட்டு நாய்களுக்கும் அதே ஊசி உண்டா என்று வளர்ப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காதில் வெட்டில்லாத புது நாய் தெருவில் தென்பட்டால் நிறம், அடையாளம், படுக்கும் இடம் என்று ஒரு வரி சேர்த்து, படத்தோடு நகராட்சிக்கு எழுதுங்கள்.