மரபணுப் பட்டியலில் புகுந்த செப்டம்பர்

பாளையங்கோட்டை விடுதியில் காற்றே இல்லாத ஒரு மே இரவு. வலைப்பின்னல்களை ஆராயும் சைட்டோஸ்கேப் மென்பொருளில், மரபணுக்களின் பி-மதிப்புகளை (தற்செயலாகவே இவ்வளவு மாற்றம் தெரிய எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) இணைத்துப் புள்ளி போட்டு, செயல்படும் துணைவலையை, அதாவது சேர்ந்து மாறும் மரபணுக் கூட்டத்தை, தேடினேன். எதிர்பார்த்த செப்டின் குடும்ப மரபணுக்கள் ஒன்றுகூட வரவில்லை. முதலில் அல்காரிதத்தைத் திட்டினேன், பாவம். அப்புறம் பார்த்தால் வலையில் அவற்றுக்கான கணுக்களில் (புள்ளிகளில்) பி-மதிப்பே இல்லை. மூலக் கோப்பில் 'செப்ட்2' இருக்க வேண்டிய இடத்தில் '2-செப்'! ஸ்ப்ரெட்ஷீட் தேதியாக்கிவிட்டது, பெயர் பொருந்தாமல் மதிப்பு ஏறவில்லை.

தேதியைத் திருப்ப முயலவில்லை. 'மார்ச்1', 'மார்க்1' என்ற வேறு இரு மரபணுப் பெயர்களுமே '1-மார்' ஆகிவிடும், எது எதென்று யார் கண்டது? பழைய உரைக் கோப்பையே எடுத்து, அந்த நெடுவரிசையை 'உரை' என்று குறித்து இறக்கினேன். இந்தத் தொல்லைக்காகவே அதிகாரப்பூர்வப் பெயரை 'செப்டின்2' என்று மாற்றியிருக்கிறார்கள். வலையில் புதுப்பெயர் இருந்ததால் பட்டியலிலும் அதையே போட்டேன். விடிகாலை ஓட்டத்தில் செப்டின் 2, 6, 7 மூன்றும் ஒரே கொத்தாக வந்து நின்றன.